நிவாரணப் பொட்டலத்தில் நம் ஊர்க் காய்கறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியாவில் 2021 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்டவர்களை நாடே பார்த்தது. கொடிகள் இறங்கிவிட்டன. ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை (எஸ்டேட்டை) விட்டு வெளியேறி மலிவு வீடுகளில் இருக்கும் முதியவர்கள் இன்னமும் உணவுப் பொட்டலத்தை நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்: அரிசி, சீனி, மேகி, சார்டின் டின். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள பாட்டிக்கு இரண்டு கிலோ சீனி! கொடுப்பவர்களின் நல்ல மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பசியாற்றுவது நோயை வளர்க்கக் கூடாது அல்லவா?

இதே ஊரில் வெண்டையும் பயற்றங்காயும் போடும் நம் சிறு விவசாயிகள், மொத்த வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்சம் வளைந்த காயை அவர் தொடுவதுகூட இல்லை. அது வரப்போரம் குவிந்து வாடுகிறது. பலர் பயிரிடுவது தற்காலிக அனுமதியில் கிடைத்த அரசு நிலத்தில்தான். அந்த அனுமதியோ ஒவ்வொரு டிசம்பரோடும் முடிகிறது. அப்புறம் யார் துணிந்து முதல் போடுவார்கள்?

ஆலயங்களும் இயக்கங்களும் அன்னதானத்துக்கும் பொட்டலத்துக்கும் இவர்களிடமே நேரடியாக, நியாய விலைக்கு வாங்கலாம். நல்லெண்ணத்தோடு உணவு தருவோருக்கு 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டமும் துணை இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர்கள் நில அனுமதியை நீண்டகாலக் குத்தகையாக மாற்றப் பேச வேண்டும். வரும் பட்ஜெட்டுக்கு முன்பே பேச வேண்டும்.

தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேரா