முகமூடியைச் செதுக்கியவர் பெயர் எங்கே?

அருங்காட்சியக இயக்குநர்களுக்கும் காட்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நவீன ஓவியங்களையும் ஆப்பிரிக்க முகமூடிகளையும் அடுத்தடுத்து வைத்து நீங்கள் நடத்தும் கண்காட்சிகளைப் பற்றித்தான் இந்த மடல். அண்மையில் ஒன்றைப் பார்த்தேன். ஓவியத்துக்குக் கீழே ஓவியரின் பெயர், பிறப்பு, இறப்பு, அப்போது எந்த ஊரில் இருந்தார் என்பது வரை எழுதியிருந்தது. முகமூடிக்குக் கீழே ஓர் இனக்குழுவின் பெயரும் 'மரம்' என்ற சொல்லும் மட்டும். 1984-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இப்படிக் காட்சி வைத்துக் கடுமையான விமர்சனத்தை வாங்கியது உங்களுக்குத் தெரியும். இன்னும் ஏன் இதே அட்டை? செய்தவரின் பெயரைப் போடுங்கள்.

பெயர் கிடைக்கவில்லை என்பீர்கள். யாராவது கேட்டார்களா? நைஜீரியாவின் யொரூபா இனச் சிற்பி ஓலோவே செதுக்கிய அரண்மனைக் கதவு 1924-இல் லண்டன் வெம்பிளி கண்காட்சியில் வைக்கப்பட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் அவர் பெயரைப் பிற்பாடு ஆய்வாளர்கள் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அவரைப் பற்றி அவர் மனைவி ஒருவர் பாடிய புகழ்ப்பாடலை 1988-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் மறைந்து சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு! வீட்டார் மறக்கவே இல்லை. வாங்கிப் போனவர்கள்தான் கேட்கவில்லை.

தூரத்துக் கலை மேல் வரும் மயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜாவாவின் கமெலான் இசையைக் கேட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி கிறங்கிப்போனார், இசைக்கு அதனால் நன்மைதான். ஆனால் அதே கண்காட்சியில்தான் காலனி நாடுகளின் மக்களைக் குடிசை போட்டு உட்கார வைத்து வேடிக்கை காட்டினார்கள்.

வாழும் கலைஞர்களையாவது விடுகிறீர்களா? ஐரோப்பியர் ஒருவர் வெறும் கோடும் கட்டமும் வரைந்தால் அது அவருடைய சிந்தனை. ஆசியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வருபவர் அதையே வரைந்தால், 'இதில் உங்கள் பண்பாடு எங்கே?' என்று கேட்கிறீர்கள். காடும் சாமியும் சடங்கும் காட்டினால்தான் சுவரில் இடம் என்றால் அவர் மனிதராக எப்போது உள்ளே வருவது? சரி, அதற்குத் தனி மடலே எழுத வேண்டும்.

இப்போது கேட்பது ஒன்றுதான். பெயர் தெரிந்தால், ஓவியரின் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். தெரியாவிட்டால், 'சேகரித்தவர் கேட்டுக் குறித்து வைக்கவில்லை' என்று எழுதுங்கள். எந்த ஆண்டில், யாரிடமிருந்து, எப்படி வந்தது என்பதையும் சேருங்கள். பழைய கோப்புகளைப் புரட்டுங்கள், அந்தந்த ஊர் மக்களிடம் போய்க் கேளுங்கள். அடுத்த கண்காட்சியைத் திறக்கும் முன்பே இதைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளைத் தவறாமல் பார்க்கும் ஒருவர்