எங்கள் தோலில் சிவப்பு தெரியாது, ஐயா

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சுக்கும், மருத்துவ ஆய்வுக்கான நிதியைப் பங்கிடும் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் மகனை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவனுக்கு 14 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா என்ற, தோல் காய்ந்து அரிக்கும் நோய் வந்துவிட்டது. அன்று பார்த்த மருத்துவர் எங்களுக்குப் புதியவர். கழுத்தையும் முழங்கை மடிப்பையும் பார்த்தார், கணினியில் ஏதோ மதிப்பெண் போட்டார், "சிவப்பு அதிகம் இல்லையே, லேசாகத்தான் இருக்கிறது" என்றார். மகன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றபோதுதான் கேட்டான்: "அம்மா, நான் நடிக்கிறேன்னு நெனச்சிட்டாரா?"

அந்த மருத்துவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எக்ஸிமாவின் கடுமையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல்களில் சிவப்புக்கென்று மதிப்பெண் உண்டு. என் மகன் என்னைப் போல நல்ல கறுப்பு. கறுத்த தோலில் அழற்சி வந்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் ஊதாவும் பழுப்புமாகக் கன்றிக் கிடக்கும். வெள்ளைத் தோலின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எளிதில் பிடிபடாது. மதிப்பெண் குறைகிறது, நோய் 'லேசானது' ஆகிறது, அடுத்த கட்டச் சிகிச்சை தள்ளிப் போகிறது.

அந்த 'லேசானது' எங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணி வாக்கில் ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த தென்னை ஓலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல. கையுறை போட்டுத்தான் படுக்க வைப்பேன், தூக்கத்திலேயே அதைக் கழற்றிவிட்டுச் சொறிவான். நான் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். பிடித்த கை துடிக்கும். விடியும்வரை சில நாள் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். காலையில் போர்வையை உதறினால் தோல் தவிடு மாதிரி உதிரும். ரத்தக் கறை தெரியக் கூடாது என்று கருநீல விரிப்பாகப் பார்த்து வாங்குகிறோம், பள்ளிச் சட்டை வெள்ளை, அதற்கு என்ன செய்வது? காலருக்குள் கைக்குட்டை வைத்து அனுப்புகிறேன். வகுப்பில் தூங்குகிறான் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வரும். ஆமாம், தூங்கத்தான் செய்வான்.

இங்கே ஐந்தில் ஒரு பிள்ளைக்கு எக்ஸிமா என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். உங்களுக்கு இது தெரியாததல்ல. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் பெற்றோர்கள் நாங்கள் ஒரு சிறு கூட்டம்தான். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய் உள்ள பெரியவர்களும் இப்போது வருகிறார்கள். நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்த முதல் கோரிக்கை இது: தோல் நோய் ஆய்வுக்கென்று, அந்தப் பெயரிலேயே, தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மண்டலே ரோட்டில் தேசிய தோல் நிலையம் 1988லிருந்து இருக்கிறது. 2013ல் சிங்கப்பூர் தோல் ஆய்வுக் கழகமும் தொடங்கப்பட்டது. ஆய்வு செய்தால் என்ன தெரியவரும் என்பதற்கும் உதாரணம் கையிலேயே இருக்கிறது. தோலின் ஈரத்தைக் கட்டிக் காக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006ல் ஐரோப்பியரிடம் கண்டுபிடித்தார்கள். பிறகு சிங்கப்பூர்ச் சீனர்களிடம் தேடிப் பார்த்தபோது, அதே மரபணுவில் பெரும்பாலும் வேறு பழுதுகள் கிடைத்தன. இங்கே தேடியதால்தானே அது தெரிந்தது? அப்படியானால் என் மகனின் தோலில் என்ன இருக்கிறது, பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையின் தோலில் என்ன இருக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு தேட வேண்டாமா? மூன்று இனங்களின் தோலும் ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரே புழுக்கத்தில் இருக்கும் நாடு இது. இதற்கு இதைவிடத் தோதான இடம் எது?

2021 முதல் 2025 வரையிலான ஆய்வுத் திட்டத்துக்கு 25 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) என்று 2020 டிசம்பரில் அறிவித்தீர்கள். அதில் எல்லாம் எங்களுக்கு என்று கேட்கவில்லை. 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதார மன்றம், தோல் நோய்களுக்கு உலக அளவில் முன்னுரிமை தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் எங்கள் படுக்கையறை வரை வந்து சேர வேண்டும்.

"உயிருக்கு ஆபத்தில்லையே" என்று சொல்லாதவர்கள் இல்லை. உறவுக்காரர்கள் நண்டு கொடுக்காதே, கருவாடு கொடுக்காதே, கத்திரிக்காய் கூடாது என்கிறார்கள். இனி அவனுக்கு வெறும் சோறுதான் பாக்கி. நீச்சல் குளத்தில் ஓர் அம்மா தன் பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று பின்னாலேயே ஓடிச் சொன்னேன், அவர் திரும்பவே இல்லை. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண்ணுக்குச் சொரியாசிஸ். பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்று பெற்றவர்கள் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். அரிப்பால் உயிர் போகாது, சரி. பதினான்கு வருடத் தூக்கம் போயிருக்கிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மன்னிக்க வேண்டும், ஆற்றாமையில் எங்கெங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்து நிதி பிரிக்கும்போது தோல் நோய் ஆய்வுக்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். அந்தப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் கறுத்த தோல் உள்ளவர்களையும் போதுமான எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த ஆய்வு முதலில் வேண்டும் என்று பேசும் மேசையில் நோயாளிகள் இரண்டு பேருக்காவது நாற்காலி போடுங்கள்.

எங்களைச் சந்திக்க அரை மணி நேரம் ஒதுக்க முடியுமானால் எந்த நாள், எந்த நேரம் என்றாலும் வருகிறோம். என் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

பணிவுடன்,
ஈசூனிலிருந்து ஒரு தாய்