ஸ்பானிய மொழியில் மேசையும் பெண்பால்

ஆசிரியருக்கு,

தங்கள் கல்வி இணைப்பில் வந்த ஸ்பானிய மொழிப் பாடம், ‘ஓ’வில் முடியும் பெயர்ச்சொல் ஆண்பால், ‘ஆ’வில் முடிவது பெண்பால் என்று ஒரே வரியில் விதி வகுத்துவிட்டது. முதல் வாரத்துக்கு அது போதும். புத்தகத்தைக் குறிக்கும் லீப்ரோ ஆண்பால். மேசையான மேசா பெண்பால். ஆனால் கையைக் குறிக்கும் மானோ பெண்பால். நாளான தியா ஆண்பால். கிரேக்கத்திலிருந்து வந்த ப்ரோப்ளேமா (பிரச்சினை), சிஸ்தேமா (அமைப்பு), க்ளீமா (தட்பவெப்பம்) எல்லாம் ஆண்பால். அதற்காக ‘மா’வில் முடிந்தாலே ஆண்பால் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, கட்டிலான காமா பெண்பால்தான். ஃபோத்தோ பெண்பாலாக இருப்பதற்குக் காரணம், அது ஃபோத்தோக்ராஃபீயாவின் சுருக்கம். ‘சியோன்’, ‘தாத்’ என முடிபவை பெண்பால் என்பதை ‘ஓ, ஆ’ விதியைவிட அதிகமாக நம்பலாம்.

தமிழர்களுக்கு இடறும் இடம் வேறு. நமக்குப் பால் பொருளைப் பார்த்து வருகிறது. மேசை அஃறிணை, அத்தோடு சரி. அதனால் மேசையில் என்ன பெண்மை என்று தேடுகிறோம். தேடிப் பயனில்லை, பால் அந்தச் சொல்லுக்குத்தான். இன்னொன்று: ‘வந்தான், வந்தாள்’ என நம் வினைமுற்று மாறும், ‘நல்ல’ மாறாது. அங்கே நேர்மாறு. ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டுக்கும் வீனோ ஒன்றே. நல்லவன் புவேனோ, நல்லவள் புவேனா. பெயரின் பாலைச் சரியாகச் சொல்லிவிட்டு அடைமொழியில் கோட்டைவிடுவது இதனால்தான்.

பெயர்ச்சொல்லை, அதற்கு முன் தனிச்சொல்லாக வரும் எல் (ஆண்பால்), லா (பெண்பால்) என்பதோடு சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் முழுமையானதல்ல. தண்ணீரான ஆகுவா பெண்பால். அழுத்தம் பெற்ற ‘ஆ’வில் தொடங்குவதால் ஒருமையில் மட்டும் லா போய் எல் வருகிறது. அடைமொழி ஏமாறாது: எல் ஆகுவா ஃப்ரீயா (குளிர்ந்த தண்ணீர்). பன்மையில் லாஸ் ஆகுவாஸ் ஃப்ரீயாஸ் என்று பழையபடி ஆகிவிடும். ஆகவே சொல்லோடு ஓர் அடைமொழியையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் ‘ஓ, ஆ’ என மாறுகிற அடைமொழியாக இருக்கட்டும். க்ராந்தே (பெரிய), அசூல் (நீல) போன்றவை இரு பாலுக்கும் பொது, எதையும் காட்டிக்கொடுக்கா.

எல், லாவை அலட்சியம் செய்யவும் முடியாது. எல் காப்பித்தால் என்றால் மூலதனம், லா காப்பித்தால் என்றால் தலைநகரம்.

அடுத்த பாடத்தின் சொற்பட்டியலை மானோ, தியா என மொட்டையாக அச்சிடாமல், லா மானோ இஸ்கியேர்தா (இடது கை) என்ற வடிவில் தந்தால் புதிதாகக் கற்பவர்களுக்கு உதவும்.

ஸ்பானிய மொழி ஆசிரியர்,
கோவை.