இருமல் எங்கள் முகத்துக்கு நேரே வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா காலத்தில் ஊரே 'ஆறடி தள்ளி நில்லுங்கள்' என்றது. பிசியோதெரபிஸ்ட் எப்படித் தள்ளி நிற்பது? மூச்சுத்திணறலில் இருப்பவரைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் தட்டிச் சளியை இளக்க வேண்டும், அப்புறம் நன்றாக இருமச் சொல்ல வேண்டும். அந்த இருமல் எங்கள் முகத்துக்கு நேரேதான் வரும்.

2021 இரண்டாம் அலையில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கொடுத்து மிச்சமிருந்தால்தான் எங்களுக்கு என்95. பல நாள் சாதாரண மாஸ்க்கோடு வார்டுக்குள் போனேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் இரண்டு மாதம் மொட்டைமாடி அறையில்தான் தூங்கினேன்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய, துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இடம்பெற்றார்கள். சரி, மகிழ்ச்சி. ஆனால் பாதுகாப்புப் பொருட்களைப் பங்கிடும் வார்டு பட்டியலிலும் நாங்கள் இருக்க வேண்டும். யாருக்கு என்ன பதவி என்று பார்த்து மாஸ்க் கொடுக்காதீர்கள். நோயாளியின் மூச்சுக்கு யார் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார் என்று பார்த்துக் கொடுங்கள். சளி எடுக்கும் சிகிச்சையைக் காற்றோட்டமான தனி அறையில் செய்ய, மருத்துவமனைகள் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.

– ஒரு பிசியோதெரபிஸ்ட், மதுரை