மாத்திரை அட்டையில் பாதிப் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில் ஒரு ஊரில் 26 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 53. உங்கள் நாளிதழ் காலை ஐந்தே முக்காலுக்கே கடைக்கு வந்துவிடும். பால் வாங்க வருகிறவர்கள் எல்லாம் புரட்டி முடித்த பிறகு, எட்டு மணிக்குமேல் கூட்டம் குறைந்ததும்தான் என் கைக்கு வரும். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கடை வாசலில் ஷாம்பு சரம் தொங்குகிறது. ஒருவர் ஒரு பாக்கெட் கேட்டால் ஒன்றை மட்டும் கிழித்துக் கொடுப்பேன். அந்த ஒரு பாக்கெட்டிலேயே என்ன ஷாம்பு, யார் தயாரித்தது, என்ன விலை, எந்தத் தேதி எல்லாம் இருக்கும். தலைக்குத் தேய்த்து ஊற்றிவிடுகிற பொருளுக்கே இவ்வளவு. வயிற்றுக்குள் போகிற மாத்திரையின் கதை வேறு. ஒரு அட்டைக்குப் பத்தோ பதினைந்தோ இருக்கும். பெயர் சில அட்டைகளில் இரண்டு மூன்று இடத்தில் வரும், சிலவற்றில் ஒரே இடம்தான். காலாவதித் தேதி அநேகமாக ஒரு ஓரத்தில்தான். மெடிக்கலில் வெட்டிக் கொடுக்கும்போது கத்தரிக்கோல் எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து நமக்குப் பெயரின் தலை கிடைக்கும், இல்லாவிட்டால் வால். சில நாள் இரண்டும் கிடையாது.

இதை நான் சும்மா உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. பட்டுத்தான் எழுதுகிறேன்.

2018-ல் கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் பரிசோதனைக்குப் போனேன். அங்கே பிரஷர் பார்த்தார்கள். 170-க்கு 110. எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிப் போடுகிற ஆள் நான். எங்கள் அய்யன் பக்கவாதத்தில் நாலு வருடம் கட்டிலில் கிடந்தவர், அதைப் பார்த்த பயத்தில் டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதில்லை. இரண்டு மாதம் மாத்திரை போட்டேன், பிரஷர் சரியான அளவுக்கு வந்தது, "சரியாப் போச்சு, இனி எதுக்கு" என்று நானே நிறுத்திவிட்டேன். மாத்திரை போட்டதால்தான் சரியாக இருந்தது என்பது மண்டையில் ஏற இன்னொரு வருடம் ஆனது. ஒருமுறை ஆரம்பித்தால் விட முடியாது என்று சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நாலு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். விட்டால் என்ன ஆகும் என்று அந்த நாலு பேரும் சொல்லவில்லை.

2021-ல் சுகரும் வந்தது. இப்போது பிரஷருக்கு, சுகருக்கு, கொழுப்புக்கு என்று தினமும் மாத்திரை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் எல்லாம் கிடக்கும். என் வீட்டுக்காரம்மா அதற்கு 'உத்தரவுப் பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்து சிவன்மலைக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்தர் கனவில் வந்து ஆண்டவன் சொல்கிற பொருளை அதில் வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு உத்தரவு டாக்டரிடமிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மகள் ஏழு நாளைக்கும் ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஆனால் நான் போடுகிற டெல்மிசார்டன் மாத்திரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், போடுகிற நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று மெடிக்கல்காரத் தம்பி சொல்லிவிட்டது. ஆக அட்டையோடுதான் குடித்தனம்.

போன வருடம் கோபியில் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் எழுதிங்கள் சீர் என்கிற விசேஷம். நாலு நாள் தங்குகிற மாதிரி போனோம், டப்பாவை மறந்துவிட்டோம். மகள் கோபியில்தான் இருக்கிறாள். டாக்டர் சீட்டைப் போனில் படம் பிடித்து வைத்திருந்ததால் அங்கே ஒரு மெடிக்கலில் காட்டி 20 நாளைக்கு வாங்கி வந்தாள். எங்கள் ஊரில் நான் வாங்கும்போது பச்சை எழுத்துப் போட்ட அட்டை காலைக்கு, வெள்ளி அட்டை ராத்திரிக்கு என்று நிறத்தை வைத்தே அடையாளம் வைத்திருந்தேன். அங்கே வேறு கம்பெனி. அதுவும் முழு அட்டையாக வரவில்லை. ஏற்கெனவே வெட்டி மிஞ்சியிருந்த துண்டுகள், ஐந்து, ஆறு, ஒன்பது என்று ஒரே பேப்பர் கவருக்குள். அங்கே இருந்தவரை மகள் கவரைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். மிச்சத்தை ஊருக்குக் கொண்டு வந்து டப்பாவில் கொட்டினோம்.

அடுத்த வாரம் என் டாக்டரிடம் போனபோது பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதுவரை அம்லோடிபின் 5 மில்லிகிராம் தனியாகப் போட்டுக் கொண்டிருந்தேன். அம்லோடிபினும் டெல்மிசார்டனும் சேர்ந்த மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, "பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்திடுங்க, இதுலயே அது இருக்கு" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால் இரண்டு விதத் துண்டு இருக்கிறது, இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரை. எது பிரஷர், எது கொழுப்பு? கொஞ்சம் பெரிதாக இருப்பதுதான் பிரஷர் மாத்திரையாக இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லி அதை ஒதுக்கினேன். ஒதுக்கியது கொழுப்பு மாத்திரை. நிறுத்தச் சொன்ன அம்லோடிபினை ராத்திரியும், அதே மருந்து சேர்ந்த புது மாத்திரையைக் காலையிலும் போட்டு வந்தேன்.

பத்து பன்னிரண்டு நாளில் இரண்டு கணுக்காலும் வீங்கின. செருப்பு வார் பதிந்த தடம் சாயந்திரம் வரை மறையவில்லை. துவரம்பருப்பு மூட்டையைக் குனிந்து தூக்கி நிமிர்ந்தால் கடையே ஒரு சுற்றுச் சுற்றியது. கால் வீங்கினால் கிட்னி என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்! இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லாமலே டாக்டரிடம் போனேன்.

அவர் செய்தது ஒரே காரியம். "வீட்ல இருக்கிற மாத்திரை அத்தனையும் அள்ளிட்டு வாங்க" என்றார். வீட்டுக்காரம்மா டப்பாவோடு வந்து மேஜையில் கொட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்து, என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். "டி... ஐ... பி... ஐ... டிபி" என்றேன். "ஐயோ, டி.பி. மாத்திரையா? எவங்க குடுத்தது?" என்று இவள் பதறிவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். அம்லோடிபினின் நடுத்துண்டு அது. முன்னாலும் பின்னாலும் இருந்த எழுத்துகள் கோபியில் வேறு யார் வீட்டிலோ இருக்கும்.

இந்த மருந்து சிலருக்குக் கால் வீக்கம் கொடுக்கும், அளவு கூடினால் அது கூடும் என்று விளக்கினார். சிறுநீர், ரத்தம் இரண்டும் பரிசோதித்ததில் கிட்னிக்கு ஒன்றும் இல்லை. அதிகப்படி மாத்திரையை நிறுத்தினதும் இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது.

என் தப்பு இதில் பெரிது, மறைக்கவில்லை. தெரியாத மாத்திரையை ஒரு போன் போட்டுக் கேட்காமல் வாயில் போட்டது நான்தான். ஆனால் நான் ஒருத்தன் மட்டும் இப்படி இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சுகருக்கு இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வகையில் ஒரே பெயருக்குப் பின்னால் எம்-1, எம்-2 என்று வரும். எம்-2 என்றால் கிளிமெபிரைடு என்கிற மருந்தின் அளவு இரட்டிப்பு. வெட்டின துண்டில் பெயர் இருந்திருக்கிறது, பின்னால் இருக்கிற எண் இல்லை. ஒருநாள் பதினோரு மணி வெயிலில் என் கடை முன்னால் வந்து நின்றவர் வேர்த்து ஊற்றிக் கை நடுங்கி அப்படியே திண்ணையில் சாய்ந்துவிட்டார். காலையில் அரை டம்ளர் கம்மங்கூழ் மட்டும் குடித்திருக்கிறார். சுகர் இறங்கிவிட்டது என்று கடையில் இருந்த நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், பத்து நிமிடத்தில் தெளிந்து, "எத்தனைக்குக் கண்ணு சர்க்கரை போட்ட?" என்று கணக்குக் கேட்டார். பிழைத்துக்கொண்டார் என்று எங்களுக்கு அப்போதுதான் நிச்சயமானது.

என் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் தேதியைப் பார்க்காமல் போகமாட்டார். தேதி இல்லாத பாக்கெட் இருந்தால் எனக்கு நோட்டீஸ். பேக்கரித் தட்டில் உதிரியாக விற்கும் லட்டுக்கும் மைசூர்பாகுக்கும்கூட எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. நல்ல விதி. மாத்திரைக்கு விதி இல்லை என்று நான் சொல்லவில்லை. கம்பெனி வைக்கிற பெயரைவிட மருந்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-ல் கொண்டு வந்தார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கிற 300 பிராண்டு மருந்துகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். போனைக் காட்டினால் மருந்தின் பெயரும் தேதியும் வந்துவிடும். எல்லாம் சரி. கத்தரிக்கோல் அந்தக் கோடு இருக்கிற பக்கத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்டால் எதைக் காட்டுவது?

அப்படியானால் வெட்டி விற்கக்கூடாது என்று உத்தரவு போடலாமே என்பார்கள். வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். 50 கிராம் காப்பித்தூளும் கால் லிட்டர் எண்ணெயும் வாங்குகிறவர்களை வைத்துத்தான் என் பொழப்பு ஓடுகிறது. தேங்காய்க் களத்திலும் தறியிலும் வாரக் கூலி வாங்குகிறவர்கள் மாத்திரையையும் வாரக் கணக்கில்தான் வாங்க முடியும். முழு அட்டைதான் என்று சொன்னால் அவர்கள் மாத்திரையையே விட்டுவிடுவார்கள்.

நான் கேட்பது வெட்டின துண்டைப் போட்டுக் கொடுக்கிற பேப்பர் கவரைப் பற்றி. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலாவதி மாதம், எந்த வேளை. இந்த நாலையும் தமிழில், பேனாவால், ஒவ்வொரு மாத்திரைக்கும் தனிக் கவரில் எழுதித் தர வேண்டும். நான் மேலே சொன்ன மெடிக்கல்காரத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணா, சாயந்தரக் கூட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் எழுதிட்டிருந்தா சண்டைக்கு வந்துருவாங்க" என்றது. பொய்யில்லை. ஆனால் தம்பி, கடனுக்கு வாங்குகிற ஒவ்வொருத்தர் பெயரிலும் கடுகு, சீரகம் முதல் நான் எழுதுகிறேன், கூட்டத்தில்தான் எழுதுகிறேன். அரை நிமிட வேலை. சிரித்துக்கொண்டே போய்விட்டது, ஆனால் எனக்கு மட்டும் இப்போது எழுதித் தருகிறது.

அரசாங்கம் நினைத்தால் இதை அச்சடித்தே தொடங்கலாம். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற அம்மிணி ஒவ்வொரு அட்டையையும் கையில் கொடுத்து, இது காலைக்கு, இது ராத்திரிக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறது. அது சொல்வது இரண்டு நாளைக்குத்தான் நினைவில் நிற்கும் என்று அதற்கே தெரியும். 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். அங்கே விலை குறைவு, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்துப் பெயரிலேயே கிடைக்கிறது. அந்த மருந்துப் பெயரைத் தமிழில் அச்சடித்த கவர் இந்த இரண்டு இடத்திலும் முதலில் வரட்டும். 'அம்லோடிபின்' என்பதைத் தமிழில் படிக்க எங்கள் பெரியம்மாவால் முடியும். பத்திரிகையில் ராசிபலனை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர் அவர்.

நான் என் மாத்திரைகளின் பெயரைக் கடைக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துவிட்டேன். டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, மெட்பார்மின் 500, அட்டோர்வாஸ்டாட்டின் 10. கம்பெனி எத்தனை மாறினாலும் இந்த நாலு பெயர் மாறாது. கடைக்கு வருகிறவர்களில் இதைப் பார்த்து, "எனக்கும் எழுதிக் குடுங்க" என்று அட்டையை நீட்டியவர்கள் இதுவரை ஏழு பேர். அதில் இரண்டு பேரின் அட்டையில் எனக்கு எழுதப் பெயர் கிடைக்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகச் சொன்னேன்.

அன்றைக்கு டாக்டர் மேஜையில் கொட்டியதில் மூன்றாவதாக ஒரு துண்டும் இருந்தது. நாலு மாத்திரை. எப்போது வாங்கியது, யாருக்கு வாங்கியது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. டாக்டராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் துண்டை இந்தக் கடிதத்தோடு பின் போட்டு அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் 'டேப்லெட்ஸ் ஐ.பி.' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆக மாத்திரை என்பது வரை உறுதி. உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது மேற்கொண்டு தெரிந்தால் ஒரு கார்டு போடவும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.