டர்பன் தாண்டுனதும் காணாம போன கடல் கரண்ட்

ஏலே முருகா,

மகளுக்கு காலேஜ்ல சீட் கிடைச்சிட்டுன்னு மெசேஜ் பாத்தேன், ரொம்ப சந்தோசம்ல. நாங்க இப்பல்லாம் செங்கடல் பக்கமே போறதில்ல, 2023 கடைசில இருந்து ஆப்பிரிக்காவ சுத்தித்தான் கப்பல் ஓட்டம்.

தென்னாப்பிரிக்காவோட டர்பன் துறைமுகத்துல இருந்து தெற்க வாரப்ப, சார்ட்ல இருக்க 200 மீட்டர் ஆழக் கோட்ட ஒட்டி வந்தாலே போதும், அகுல்யாஸ் கரண்ட், அதான் கடல் நீரோட்டம், பின்னால இருந்து தள்ளிட்டு வரும், நல்லா ஓடுற நேரம்னா நாலு நாட் (மணிக்கு நாலு கடல்மைல்) வர சும்மா கிடைக்கும். கேப்டன் அத நம்பித்தான் டைம் கணக்கு போட்டிருந்தாரு. போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் வந்தா ஜிபிஎஸ்ல ஸ்பீடு இறங்கிட்டே போவுது, தண்ணில 13 நாட் ஓடுது, தரைக்கணக்குல 12 கூட இல்ல. இன்ஜின் ரூம்ல கேட்டா உள்ள வர்ற கடத்தண்ணி சூடும் மளமளன்னு குறையுதுன்னான். எதிர் கரண்ட்லே! அது தெரியாம சீஃப் இன்ஜினியருக்கு செம டோஸ், பாவம் மனுசன்.

இதுக்கு நேட்டால் பல்ஸ்னு பேரு. மொசாம்பிக் கால்வாய், மடகாஸ்கருக்கு தெற்க, இங்கருந்துல்லாம் 200, 300 கிலோமீட்டர் அகலச் சுழல் மெல்ல நகந்து வந்து இந்த கரண்ட் மேல இடிக்கும். மத்த எடத்துல கடலடிச் சரிவு செங்குத்தா இருக்கதால கரண்ட் கரைய ஒட்டி அசையாம ஓடிரும், டர்பனுக்கு வடக்க மட்டும் ஆழமில்லாத பரப்பு அகலமாகி சரிவு சாஞ்சிருது, பிடிமானம் கம்மி, அங்க வச்சி சுழல் இடிச்சா கரண்ட் கரைய விட்டு வளைஞ்சி 100 கிலோமீட்டருக்கு மேல கூட வெளிய போயிரும். வளைவுக்கும் கரைக்கும் நடுவுல குளுந்த சுழல் ஒண்ணு கடிகாரத் திசைல சுத்தும், கரைப்பக்கம் தண்ணி வடக்க பாயும், நாங்க மாட்டுனது அதுக்குள்ள. மொத்தமும் நாளைக்கு சுமார் 20 கிலோமீட்டர் தெற்க நகருது.

வெளிய போயி கரண்ட பிடிக்கலாம்தான், ஆனா தென்மேற்கு புயல்காத்து அடிச்சா அலையும் கரண்டும் எதிரெதிரா மோதி ராட்சச அலை எழும்பும். 1909ல வாராடா கப்பல் டர்பன்ல கிளம்பி 211 பேரோட காணாம போனது இந்தக் கரையிலதான்.

ஆப்பிரிக்காவோட தெற்கு முனை தாண்டுனதும் கரண்ட் அட்லான்டிக் போவாம திரும்பி நம்ம இந்து சமுத்திரத்துக்கே வந்துரும், திரும்புற எடத்துல பெரிய பெரிய வளையமா அறுந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணி மட்டும் அட்லான்டிக் உள்ள போவுது, பல்ஸ் அங்க போய்ச் சேந்தா வளையம் சீக்கிரம் அறும்னு சொல்லுதாங்க. சில வளையம் பிரேசில் பக்கம் வரைக்கும் போவும், ரெண்டு மூணு வருசம் ஆவும்.

என்னக் கேட்டா சராசரி கரண்ட் சார்ட் இங்க வேலைக்கு ஆவாது, சாட்டிலைட்ல கடல்மட்ட மேடு பள்ளம் பாத்தா சுழல் வாரது வாரக்கணக்குல முன்னாடியே தெரியும். இத கேப்டன்ட்ட எவன் சொல்றது.

வீட்டு லோன் விசயம் என்னாச்சு, எழுது.

மணி