பென் டிரைவில் ஒரு ஸ்கிரிப்ட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல். அடுப்படிப் பக்கம் போகாமல் அவர்களால் இருக்க முடியாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சொட்டுநீர்க் குழாயை அணில் கடிப்பதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டுப் பார்.

இங்கே எல்லாரும் சுகம். பெண் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு வீட்டில் வேலையே இல்லை. அதனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதாவது டெர்மினலில் நாம் அடிப்பதைப் படித்து ஓட்டும் ஷெல் நிரலுக்கான கட்டளைகளை வரிசையாக வைத்த ஒரு கோப்பு. "இந்த வயசுல என்னடா இது" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. லேபில் ஒரே டெர்மினலுக்கு இரண்டு பேரும் சண்டை போட்டோமே, அப்போது பிடித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை.

விஷயம் இதுதான். தெரிந்தவர்களின் பள்ளி, சின்ன அலுவலகம் என்று சில இடங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன் அல்லவா? போன் வரும். "சார், சிஸ்டம் ரொம்ப ஸ்லோ." எந்த லினக்ஸ், எவ்வளவு ரேம், டிஸ்கில் எவ்வளவு இடம் பாக்கி என்று கேட்டால், "கறுப்பு டப்பா சார்" என்று பதில் வரும். அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்கள் வேலையே இல்லை. ஒரு கட்டளை அடித்தால் ஏழெட்டு வரியில் எல்லாம் திரையில் வர வேண்டும், அதைப் போனில் படமெடுத்து வாட்ஸப்பில் எனக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் தேவை.

கணினியின் விவரங்களை லோகோவோடு திரையில் காட்ட நியோஃபெட்ச் இருக்கிறதே என்பாய். இருந்தது. டிலன் அராப்ஸ் எழுதிய அந்த ஸ்கிரிப்டை (லினக்ஸில் பரவலான பாஷ் என்ற ஷெல்லுக்கானது) லினக்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது ஓட்டி ஸ்கிரீன்ஷாட் போட்டிருப்பார்கள். 2024 ஏப்ரலில் அதைக் கிட்ஹப்பில் ஆர்க்கைவ் செய்து மூடிவிட்டார். விவசாயத்துக்குப் போய்விட்டதாக ஒரே வரியில் அறிவிப்பு. படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. அதற்குப் பதிலாக எல்லாரும் சொல்லும் ஃபாஸ்ட்ஃபெட்ச் நல்ல கருவிதான், சி மொழியில் எழுதியது, நொடியில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் அதை நிறுவ வேண்டும். நிர்வாகிக்கான ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத கணினியில் எதை நிறுவுவது? எனக்கு வேண்டியது பென் டிரைவில் ஒரே கோப்பு. எங்கே செருகினாலும் ஓட வேண்டும்.

பென் டிரைவ் என்று முடிவானதுமே பாதி விஷயம் முடிவாகிவிட்டது. அது பெரும்பாலும் ஃபாட் என்ற கோப்பு அமைப்பில் இருக்கும். "இந்தக் கோப்பை ஓட்டலாம்" என்பது போன்ற யூனிக்ஸ் அனுமதிகளை ஃபாட்டில் குறித்துவைக்க வழியில்லை. அங்கிருந்து நேரடியாக ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் "எஸ்ஹெச்" என்று அடித்து இடம் விட்டுக் கோப்பின் பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும். அப்படி ஓட்டும்போது முதல் வரியில், எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஷிபாங்கில், நீ பாஷ் என்று எழுதியிருந்தாலும் யாரும் அதை மதிப்பதில்லை. அந்தக் கணினியில் எஸ்ஹெச் என்ற பெயரில் எந்த ஷெல் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் ஓட்டும். லினக்ஸ் வகைகளான உபுண்டு 2006லும் டெபியன் 2011லும் அந்த இடத்தில் டாஷ் என்ற சின்ன ஷெல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டன. பூட் வேகமாக வேண்டும் என்று செய்த மாற்றம், 2014ல் பாஷில் ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பாகவும் ஆனது. ஆல்பைன் லினக்ஸில் பிஸிபாக்ஸின் ஷெல். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸில் டாஷைப் போலவே பழைய ஆல்ம்குவிஸ்ட் ஷெல்லின் வழிவந்த ஒன்று. மேக்கில் பாஷ் இருக்கிறது, ஆனால் 2006ல் வந்த 3.2 பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கடுத்த 4.0 ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வந்ததால் ஆப்பிள் அதைத் தொடவில்லை. ஆக, பாஷ் என்று நம்பி எழுதினாலும் மேக்கில் பெயரை வைத்து மதிப்பைத் தேடும் அசோசியேட்டிவ் அரே கிடையாது.

எனவே சுத்த போசிக்ஸ் ஷெல், அதாவது யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொதுத் தரத்தில் உள்ளது மட்டும். அரே கிடையாது, இரட்டைச் சதுர அடைப்பு கிடையாது, "சோர்ஸ்" கிடையாது, புள்ளிதான். திரையில் எழுதும் எக்கோ கட்டளையைத் தொடவே கூடாது. வரி முறியாமல் இருக்க அதற்கு மைனஸ்-என் கொடுத்தால் ஒரு ஷெல் புரிந்துகொள்ளும், இன்னொன்று அதையே திரையில் அச்சடிக்கும். போசிக்ஸ் ஆவணமே "அது அவரவர் இஷ்டம்" என்கிற தொனியில்தான் எழுதியிருக்கிறது. எல்லா இடத்திலும் பிரிண்ட்எஃப் என்று வைத்துவிட்டால் தலைவலி இல்லை. அது மாதிரிதான் ஒரு நிரல் இருக்கிறதா என்று பார்க்க "விச்" வேண்டாம், "கமாண்ட் மைனஸ்-வி" போதும். இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஷெல்செக் என்று ஒரு கருவி இருக்கிறது, ஹாஸ்கெல்லில் எழுதியது. அது பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொரு வரியாகச் சுட்டிக்காட்டும். டாஷில் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து போசிக்ஸ் என்று நம்பிவிடாதே, டாஷ் "லோக்கல்" என்பதை ஏற்றுக்கொள்ளும், போசிக்ஸில் அது இல்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம். நாம் படித்தபோது "இஃப்"பைத் திருப்பிப்போட்டு "ஃபை" என்றும் "கேஸ்"ஐத் திருப்பிப்போட்டு "ஈசாக்" என்றும் முடிக்கிறார்கள், "டூ"வை மட்டும் ஏன் "டன்" என்று முடிக்கிறார்கள் என்று கேட்டாயே, வாத்தியார் முறைத்தார். ஸ்டீவ் போர்ன் 1979ல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸுக்கு அந்த ஷெல்லை எழுதியபோது அல்கால் மொழியின் பாணியில் "டூ"வைத் திருப்பி "ஓடி" என்று வைத்திருக்கலாம்தான். ஆனால் ஆக்டல் டம்ப் நிரல் ஏற்கனவே அந்தப் பெயரில் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷெல்லைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ அது சுலபமான பாதி என்று தோன்றுகிறது. விதிகள் எழுதியிருக்கின்றன, படித்து நடந்தால் போதும். கணினியிடம் கேட்கிற கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம் இல்லையே, அதற்கு எந்த போசிக்ஸும் உதவாது.

ரேமையே எடுத்துக்கொள். லினக்ஸில் ப்ராக் என்ற அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைப் படித்தால் போதும். கேபி என்று போட்டிருக்கும், ஆனால் அது 1024 கணக்கு. 8 ஜிபி போட்ட கணினியில் மெம்டோட்டல் 8ஐ விடக் குறைவாகத்தான் வரும், ஓஎஸ்ஸின் மையமான கெர்னலும் உள்ளிணைந்த கிராஃபிக்ஸும் தங்கள் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால். மேக்கில் சிஸ்கன்ட்ரோலிடம் கேட்டால் முழு 8 வரும். இரண்டும் பொய் இல்லை. அடுத்து "எவ்வளவு காலி?" மெம்ஃப்ரீயை அப்படியே காட்டினால் பள்ளிக்கூடத்து சார் பயந்துபோவார், ஏதோ 200 எம்பிதான் மிச்சம் என்று இருக்கும். லினக்ஸ் சும்மா கிடக்கிற ரேமில் டிஸ்கில் படித்ததையெல்லாம் வைத்துக்கொள்கிறது, யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடும். அதைக் கணக்கில் எடுத்துச் சொல்வது மெம்அவைலபிள். ஆனால் அந்த வரி 2014ல் வந்த 3.14 கெர்னலிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய கெர்னலில் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டி உத்தேசமாகச் சொல்லலாம். நான் அங்கே காலி எவ்வளவு என்பதையே போடவில்லை, மொத்தம் மட்டும்.

மேக்கில் இன்னும் மோசம். விஎம்-ஸ்டாட் கட்டளை நினைவகத்தைப் பக்கங்களாக எண்ணிச் சொல்லும். இன்டெல் மேக்கில் ஒரு பக்கம் 4096 பைட், ஆப்பிள் சிப்பில் 16384. முதல் வரியில் அளவு போட்டிருக்கும், அதைப் படித்துப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் எவற்றைக் கூட்டினால் "பயன்பாட்டில் உள்ளது" என்று ஆகும்? ஆக்டிவிட்டி மானிட்டர் ஒன்று சொல்லும், என் கூட்டல் வேறொன்று சொல்லும். அங்கேயும் மொத்தம் மட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப் போடுவதிலும் வம்பு உண்டு. போசிக்ஸ் ஷெல்லுக்கு முழு எண்தான் தெரியும். 7.6 என்று காட்ட வேண்டுமானால் பத்தால் பெருக்கி வகுத்துக் கடைசி இலக்கத்தைப் பிரித்துப் புள்ளி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் உள்ள எம்கேஎஸ்எச் ஷெல் 32 பிட்டில் கணக்குப் போடுகிறது. பைட்டாக வைத்துக்கொண்டால் 2 ஜிபியைத் தாண்டியதும் எண் மைனஸாகிவிடும். ஆக் நிரலிடம் கொடுத்தால் தசமமாகவே வரும், ஆனால் சில ஆக் பதிப்புகள் கணினியின் மொழி, நாட்டு அமைப்பான லொகேலைப் பார்த்துப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும். அதனால் ஸ்கிரிப்டின் தலையிலேயே எல்சி-ஆல் மாறியை சி என்று வைத்துவிட வேண்டும். அப்படி வைத்தால் டிஸ்க் இடத்தைச் சொல்லும் டிஎஃப் போன்றவற்றின் தலைப்பு வரியும் மொழிபெயர்ந்து வராது. டிஎஃபுக்கு மைனஸ்-பி கொடுக்க மறக்காதே, பெரிய பி. இல்லாவிட்டால் நீளமான டிஸ்க் பெயர் வந்தால் பழைய பதிப்புகளில் வரி இரண்டாக உடைந்து, எந்த எண் எந்தப் பத்தி என்றே தெரியாமல் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது யூநேம் கட்டளைதான். "என்ன பிராசசர்?" என்று மைனஸ்-எம் போட்டுக் கேட்டால் பட்டென்று சொல்லும். ஆனால் அது சொல்வது கெர்னலைப் பற்றி. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும், 2023க்கு அப்புறம் வந்த பதிப்புகளில் கெர்னல் 64 பிட்டாக ஏறுகிறது. யூநேம் "ஆர்ச்64" என்கும். அதை நம்பி 64 பிட் நிரலை இறக்கினால் பெரும்பாலும் ஓடாது. கெட்கான்ஃபிடம் லாங் எத்தனை பிட் என்று கேட்டால் 32 என்று உண்மையைச் சொல்லிவிடும். நான் இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். டாக்கர் கண்டெய்னருக்குள், அதாவது ஒரு கணினிக்குள் தனியாகப் பிரித்த சூழலில், ஓட்டினால் இன்னும் வேடிக்கை. எட்சியில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் "ஆல்பைன்" என்கும், கெர்னல் வரியில் உபுண்டுவின் "ஜெனரிக்" வாலாட்டும், மெம்இன்ஃபோ வீட்டுக்கார மிஷினின் மொத்த ரேமையும் தன்னுடையது என்று காட்டும். கண்டெய்னருக்கு ஒதுக்கியது சிகுரூப் கோப்புகளில் தனியாக இருக்கும்.

ராஸ்பெரி பை பற்றி இன்னொன்று. எக்ஸ்86ல் சிபியூஇன்ஃபோவில் "மாடல் நேம்" வரி அழகாக இருக்கும். பையில் நான் பார்த்தவரை சிப்பின் பெயர் அப்படிக் கிடைப்பதில்லை. டிவைஸ்-ட்ரீ கோப்பில் போர்டின் பெயரே முழுசாக இருக்கிறது, அதுதான் எனக்கும் வேண்டியது. ஆனால் அதன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நல் (பூஜ்ய) பைட் உண்டு. டாஷ் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், புதிய பாஷ் திரையில் எச்சரிக்கை அடித்துவிடும். ட்ரான்ஸ்லேட் (டிஆர்) நிரலை நடுவில் வைத்து அதை நீக்கிவிட வேண்டும்.

எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது லினக்ஸில் ஒரு கோப்பைப் படித்தால் முடிந்தது. மேக், ஃப்ரீபிஎஸ்டி இரண்டிலும் பூட் ஆன நேரம்தான் கிடைக்கும், அதுவும் "செக், யூசெக்" என்று சுருள் அடைப்புக்குள். முதல் சமக்குறிக்கு முன்னால் இருப்பதையும் முதல் காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் ஷெல்லின் சொந்த வெட்டும் வசதியாலேயே நறுக்கிவிட்டு இப்போதைய நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். க்ரெப், செட் எதுவும் வேண்டாம். வெளி நிரல்களைக் குறைத்தால் பழைய கணினியில் வேகமும் தெரிகிறது.

இத்தனைக்கும் சேர்த்து நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே. உறுதியாகத் தெரியாத வரி திரையில் வரக் கூடாது. "அன்நோன்" என்றுகூட வேண்டாம், வரியே இருக்காது. தப்பான எண்ணைப் பார்த்துவிட்டு ரேம் வாங்கச் சொல்லிவிடுவேன், பாவம் பள்ளிக்கூடத்துக் காசு. நியோஃபெட்ச் மாதிரி லோகோ, கலர் எதுவும் போடவில்லை. போன் படத்தில் கறுப்புப் பின்னணியில் கருநீல எழுத்து தெரிவதே இல்லை. தீம், ஐகான், ஃபான்ட் பெயர்கள் எல்லாம் எனக்கு எதற்கு? ஐபி முகவரி போடலாமா என்று யோசித்தேன். படம் எந்த வாட்ஸப் குழுவுக்கெல்லாம் போகுமோ என்று எடுத்துவிட்டேன்.

உனக்கும் ஒரு பிரதி பென் டிரைவில் கூரியரில் வருகிறது. தயவுசெய்து பழைய விண்டோஸ் நோட்பேடில் திறந்து "அழகாக்கி" சேமித்துவிடாதே. வரிக் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏறிவிட்டால் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடாது. பம்ப்செட் ரூமில் வைத்திருக்கும் அந்தப் பழைய இன்டெல் ஆட்டம் சிப் நெட்புக்கில் ஓட்டிப் படம் அனுப்பு. அது 32 பிட் சிப்பாக இருந்தால், நீ கேட்டபடி டெபியன் 13 போட முடியாது. அதில் 32 பிட் இன்டெலுக்கு இன்ஸ்டாலரும் கெர்னலும் வருவதில்லை. 12லேயே இருக்கட்டும், இல்லையென்றால் ஆல்பைன் போட்டுவிடலாம். முதலில் யூநேமும் பிட்டும் உள்ள வரியையும் "மாடல் நேம்" வரியையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வரலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். பெண்ணுக்கு லீவு எப்போது என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்